துவாதசி அகத்திக்கீரையும் இதய மாத்திரையும்

வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன்னரே நீராடி, பரமபத வாசல் சேவைக்காக வரிசையில் நிற்கும் அன்பர்களில் முதியோரே மிகுதி. அன்று முழுவதும் துளசி தீர்த்தம் மட்டும் அருந்தி, துவாதசிக் காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சேர்த்துப் பாரணை செய்வது தலைமுறைகளாக வந்த முறை. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனப்படும் சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்கள் இந்த இரண்டு நாட்களையும் சற்று யோசித்தே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இக்குறையில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடித்துக்கொண்டிருக்கும். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து கட்டியாகி, மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். அதைத் தடுக்கவே இரத்தம் உறையாதிருக்க மாத்திரை தருகிறார்கள். பழைய மருந்துகளான வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகியவை வைட்டமின் 'கே'யின் வேலையைக் கட்டுப்படுத்துபவை. கரும்பச்சைக் கீரைகளிலோ அந்த வைட்டமின்தான் நிறைந்திருக்கிறது.

இதைக் கேட்டதும் கீரையையே அடியோடு ஒதுக்கிவிடுவோர் உண்டு. அது தேவையில்லை. நோயாளியின் வழக்கமான உணவோடு பொருந்தும்படியே மாத்திரையின் அளவு நிர்ணயமாகிறது. ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். வாரம் இருமுறை ஒரு கரண்டி கீரை உண்பவர் அப்படியே தொடரலாம். திடீர் மாற்றமே தொல்லை. மாதக்கணக்கில் கீரையைத் தொடாதவர், பாரணையன்று ஒரு கட்டைச் சமைத்து, மிஞ்சியதை மறுநாளும் உண்டால் அந்த எண் இறங்கக்கூடும். உறைகட்டிக்கு வழி பிறக்கும். மாறாக, உணவு பல நாட்கள் குறைந்தால் எண் ஏறி, இரத்தக்கசிவு நேரலாம். பாரணைக்கு ஒரு சிறு கரண்டி போதும். பெருமாள் கட்டுக் கணக்கா பார்க்கிறார்?

புதிய மருந்துகளான அபிக்சபான், டாபிகாட்ரான், ரிவரோக்சபான் உட்கொள்வோருக்குக் கீரைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவுடனேயே விழுங்க வேண்டும்; வெறும் வயிற்றில் அவை முழுமையாக உடலில் சேர்வதில்லை. உபவாசம் என்று மாத்திரையையே விட்டுவிடுவது இன்னும் பெரிய பிழை. இம்மருந்துகளின் காப்பு ஏறத்தாழ ஒரு நாளில் தேய்ந்துவிடும்.

நீர், கிழங்கு, பழம், பால், மருந்து ஆகியவை விரதத்தைக் கெடுப்பவை அல்ல என்றே தர்ம நூல்கள் சொல்கின்றன. எண்பதைக் கடந்தோருக்கு உபவாசத்திலிருந்தே விலக்கு உண்டு. ஆகவே தண்ணீரும் அருந்தாமல் வரிசையில் மணிக்கணக்கில் நிற்பது சாஸ்திரம் கேட்காத தண்டனை. உடலில் நீரும், பொட்டாசியம், மக்னீசியம் போன்ற உப்புகளும் குறைந்தால் துடிப்பு தடம் புரளலாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோருக்கு இது விரைவில் நேரும். அதற்கு மாற்றாகப் பலரும் இளநீரை நாடுவர். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது. காபி பழகியவருக்கு ஒன்றிரண்டு வேளை தவறில்லை. பசியை அடக்க டம்ளர் டம்ளராகக் குடித்தால் படபடப்பு மிகும்.

பாரணையை ஒரே அமர்வில் வயிறு முட்ட உண்ணாமல், காலையில் கொஞ்சமும் நண்பகலில் கொஞ்சமுமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஊறுகாயும் அப்பளமும் அன்று இலையில் வேண்டாம். வார்ஃபரின் உட்கொள்பவர், ஏகாதசிக்கு ஒரு வாரம் முன்னரே மருத்துவரிடம் விரதத்தையும் அகத்திக்கீரையையும் சொல்லி, அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனை எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்.