தடிக் கம்பி போட்டா கெட்டியா? போங்கய்யா!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வெல்டர் இல்லை. நாகர்கோவிலில் பி.காம். முடித்து, இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன். இப்போது மஸ்கட்டில். ஆனாலும் வெல்டிங் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது. ஏனென்றால் அந்தக் கைப்பிடிக்குப் பணம் அனுப்பியவன் நான்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். 1956-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம். (அந்தப் பஞ்சாயத்து இன்னொரு நாளைக்கு.) ஓணம் லீவுக்குப் போயிருந்தபோது அம்மை மாடிப்படி ஏறினார்கள். ஸ்டீல் கைப்பிடியைப் பிடித்ததும், அதைத் தாங்குகிற நிற்கும் பைப் மேல் ஜாயின்டில் பட்டென்று விட்டுப்போனது. நல்லவேளை, அம்மை படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. எழுபத்து நாலு வயது!

அத்தான் வந்து பார்த்துவிட்டு ஒரு தீர்ப்பு சொன்னார் பாருங்கள்: "கம்பி தடி பத்தாது அளியா. அடுத்த தடவை நல்ல தடியாட்டு போடச் சொல்லுவோம்."

இந்தப் பேச்சோடுதான் என் சண்டை.

உடைந்த இடத்தை நன்றாகப் பார்த்தேன். வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு. உள்ளே பைப்பின் வெட்டு விளிம்பு உருகவே இல்லை, கடையில் வாங்கியபடி அப்படியே இருக்கிறது. கம்பி உருகி மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பட்டறைக்குப் போய்க் காலிப்பரால் அளக்கச் சொன்னேன். பைப்பின் கனம் 1.2 மில்லிமீட்டர். போட்ட ஃபில்லர் ராடு 2.4. அங்கே வேறு சைஸே கிடையாது!

ஊரில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்கிறோமே, அதுதான் டிக் வெல்டிங். டங்ஸ்டன் முனையிலிருந்து வரும் ஆர்க் முதலில் பைப்பை உருக்கிச் சின்னதாய் ஒரு குளம் உண்டாக்க வேண்டும். அந்தக் குளத்தில்தான் கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். கம்பி உருக வேண்டிய சூடும் பெரும்பாலும் அந்தக் குளத்திலிருந்துதான் வருகிறது. தகடு மெல்லிசு, குளம் சிறிசு. அதில் தடிக் கம்பியை விட்டால், கொதிக்கிற சின்னச் சட்டியில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றின கதைதான். குளம் ஆறிவிடும், ஒட்டாது. ஒட்டவில்லையே என்று கரண்டைக் கூட்டினால் தகட்டில் ஓட்டை விழும், இல்லை வளையும். ஸ்டெயின்லெஸ் என்றால் பின்பக்கம் கருகிச் சீனி போலப் பொரிந்துபோகும். மில்லிமீட்டருக்குச் சுமார் 40 ஆம்ப் என்பது ஸ்டீலுக்கு ஒரு நாட்டுக்கணக்கு. ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். கம்பியோ, தகட்டின் கனத்தை ஒட்டியே இருக்க வேண்டும். 1.2 தகட்டுக்கு 1.2, மிஞ்சினால் 1.6.

இன்னொரு கூத்து. கைப்பிடி வேலையில் வெல்டு அடித்ததும் கிரைண்டர் வைத்து மழமழவென்று அரைத்து பாலிஷ் போடுவார்கள். அப்போது மேலே மேடாக நின்றதெல்லாம் தூசியாகப் பறந்துவிடும்! மிச்சம் நிற்பது உள்ளே உருகிக் கலந்தது மட்டும். அதுதானே இல்லை? "தடியாட்டு" கேட்டவர் காசு கொடுத்தது பட்டறைத் தரையில் கிடக்கிற பொடிக்கு.

என் தொழில் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 2.4 கம்பியில் 1.6 கம்பியைவிட 2.25 மடங்கு உலோகம். ஒரு மீட்டர் நீளக் கம்பி கிலோவுக்கு 1.6-ல் அறுபதுக்கு மேல் வரும், 2.4-ல் இருபத்தெட்டுதான். அவ்வளவு உலோகத்தையும் உருக்க கரண்ட், பிறகு அதையே அரைத்தெடுக்க டிஸ்க், கூலி. எந்த மேனேஜர் இந்த லோனுக்குக் கையெழுத்துப் போடுவான்?

பட்டறைக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பைப்பைக் கோணலாக வெட்டியிருந்தால் இடைவெளி விழும், அதை அடைக்கத் தடிக் கம்பி வசதி, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அது வெட்டினவன் தப்பு. கம்பியால் மறைக்கிற விஷயமில்லை. கீழே தரையோடு போல்ட் போடுகிற 3 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு 2.4 தாராளமாகப் போடட்டும், நான் கேட்க மாட்டேன்.

வெல்டு அடித்த பையன் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. "வீட்டுக்காரங்க தடியாட்டு இருந்தாத்தான் சார் பைசா தருவாங்க." அந்த வீட்டுக்காரன் யார்? நான்தான்! மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் பார்த்து "சூப்பர், நல்ல ஷைனிங்" என்று சொன்ன அதே நான்தான். நம்மில் எத்தனை பேர் இப்படித்தான் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம்? கிரானைட் எந்த ஊர் என்று நோண்டி நோண்டிக் கேட்போம். பைப் 304-ஆ 202-ஆ என்று கேட்க மாட்டோம். (பொழியூர் பக்கம் கடல்காற்றில் 202 எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று அங்கே வீடு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.) 304-க்கு 308எல் கம்பிதான் போட்டார்களா என்று கேட்கவே மாட்டோம்.

இதில் நம் பிள்ளைகள் பிழைப்பும் இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வெல்டராக வருகிற பையன்கள் கொஞ்சமில்லை. ஊர்ப் பட்டறையில் தடிக் கம்பியும் பாலிஷும் பழகிவிட்டு இங்கே டெஸ்டுக்கு வருகிறார்கள். இங்கே பளபளப்புக்கு மார்க் கிடையாது. துண்டு வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். உருகாத இடம் வாய் பிளந்துவிடும். வேலைக்கென்று எழுதிக் கொடுக்கிற தாளில் கம்பி சைஸும் கரண்டும் இருக்கும், எங்கள் சாங்ஷன் லெட்டர் மாதிரி. அதை மீற முடியாது. ஏஜென்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணத்தை நினைத்துப் பாருங்கள்.

நான் கிளம்புவதற்கு முன் 1.6 கம்பி வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பையன் துண்டுப் பைப்பில் ஒரு ஜாயின்ட் அடித்தான். வைஸில் பிடித்து நீளப் பைப்பைச் சொருகி இழுத்தோம். பைப்தான் வளைந்தது, ஜாயின்ட் அசையவில்லை. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு! அத்தான் மட்டும் "பாக்க மெலிஞ்சாக்கும் இருக்கு" என்று முனகிக்கொண்டிருந்தார்.

கீழ்ப்படி ஜாயின்ட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. மாடி பால்கனி பாக்கி. அரைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஜாயின்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தங்கமணி "உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்கிறார். மூன்று நாளாகிறது, அத்தானிடமிருந்து போட்டோ இன்னும் வரவில்லை.