கிதார் மேடையில் டிரம்பெட்டுக்கு இடம் உண்டா?

பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே இருக்கிறது அவிநாசிபாளையம். திருப்பூர் பனியன் தொழிலோடு பிணைந்த வட்டாரம். இந்தப் பக்கத்துக் கோவில் திருவிழாக்களில் இரண்டு வகை இசை கேட்கும். சாமி புறப்படும்போது கொம்பும் தாரையும் முழங்கும். இரவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். அங்கே மின்சார கிதார் அதிரும்.

ஊதுகிற வாத்தியமும் கிதாரும் ஒரே மேடையில் சேரலாமா? கிதாரே பிரதானமான ‘ராக்’ இசையில் டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன் ஆகியவை தேவையா?

“தேவை இல்லை. கிதாரின் வேகத்தை அவை அமுக்கிவிடும். கல்யாண ஊர்வல பாண்டு போல ஆகிவிடும்” என்கிறார்கள் சிலர்.

பழைய உறவு

ஆனால் ஊதுகிற வாத்தியம் அங்கே வந்த விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர்! 1955-ல் உலகப் புகழ் பெற்ற பில் ஹேலியின் கோஷ்டியில் கிதாரும் இருந்தது, சாக்சபோனும் இருந்தது. 1966-ல் ‘பீட்டில்ஸ்’ கோஷ்டியார் ஒரு பாட்டில் டிரம்பெட்டுகளையும் சாக்சபோன்களையும் சேர்த்தார்கள். 1967-ல் தொடங்கிய ‘சிகாகோ’ என்ற அமெரிக்கக் கோஷ்டியில் ஊதுவதற்கென்றே மூன்று பேர் இருந்தார்கள்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. நாதஸ்வர வித்வானின் மகனான கத்ரி கோபால்நாத், சாக்சபோனில் கர்நாடக இசையையே வாசித்துக் காட்டினார். 1994-ல் வெளிவந்த ‘டூயட்’ படத்தில் அவருடைய வாசிப்பைக் கேட்டுத் தமிழ்நாடே சொக்கியது.

பனியன் சொல்லும் பாடம்

கிதார் தந்தியை மீட்டினால் ஒலி சட்டென்று எழும், பிறகு தேயும். ஊதுகிறவரோ மூச்சு உள்ளவரை ஒலியைப் பிடித்து நிறுத்தலாம். மெல்லத் தொடங்கிப் பெரிதாக்கலாம். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருக்கிறது.

ஆனால் இரண்டும் ஓயாமல் ஒலித்தால் காதுதான் வலிக்கும். பனியனில் ஓவர்லாக் மிஷின் துண்டுகளை இணைக்கிறது. பேட்லாக் மிஷின் ஓரத்தை மடித்துத் தைக்கிறது. ஒன்றின் வேலையில் மற்றொன்று புகுவதில்லை. இசையிலும் அப்படித்தான். கிதார் கேட்க வேண்டும். டிரம்பெட் பதில் சொல்ல வேண்டும். பாடுகிறவர் வாய் திறந்தால் இரண்டும் அடங்க வேண்டும். ஆகவே குறை வாத்தியத்தில் இல்லை. சேர்க்கும் விதத்தில்தான் இருக்கிறது.

பொத்தானுக்கு மூச்சு உண்டா?

இப்போது கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் டிரம்பெட் ஓசை வந்துவிடுகிறது. ஆள் கூலி மிச்சம்தான். ஆனால் மனித மூச்சின் ஏற்ற இறக்கம் அதில் முழுதாக வருமா? பல வருஷம் பழகிய கலைஞர் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால், அடுத்த தலைமுறைக்கு யார் கற்றுக் கொடுப்பது?

திருவிழாக் கமிட்டியார் ஒன்று செய்யலாம். கச்சேரிக்கு முன்பணம் கொடுக்கும்போது, “ஊதுகிற ஆள் வருகிறாரா?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அந்த ஒரு வார்த்தையால் பாட்டும் வாழும். ஒரு குடும்பமும் வாழும்!