கடலுக்கு வரம்பில்லையா?

2023 திசம்பர் 26 இரவு, எண்ணூர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா, பெரியகுப்பத்து மக்களை மூச்சுத்திணறத் தெருவுக்கு விரட்டியது. அது மூக்கறிந்த நஞ்சு, ஆகவே நாடறிந்தது. மூக்கும் நாவும் அறியாமல் நீரைக் கெடுப்பது பாசுபேட்டு.

உரத்திலிருந்தும் சலவைத்தூளிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வரும் அது தானே கொல்வதில்லை, பாசிக்குத் தீனியாகிறது. பெருகிய பாசி மடிந்து அழுகுங்கால் நீரின் உயிர்வளி தீர்ந்து மீன் சாகிறது. நீலப்பச்சைப் பாசியுள் சில, ஈரலைக் கெடுக்கும் நஞ்சையும் உமிழும். கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு நீங்காது.

அரசு இட்ட வேலி யாது? 2012ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரநெறியில் பாசுபேட்டுக்கு வரம்பே இல்லை. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் காப்பு விதிகளின் பொதுக் கழிவுநீர் அட்டவணையிலோ, உள்நாட்டு நீர்நிலைக்கு இலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றுண்டு. கடற்கரை நீருக்கு அக்கட்டம் வெறுமை! ஆற்றுக்கு ஆகாதது கடலுக்கு ஆகுமாம். கொற்றலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் எவ்விடத்தில் ஆறாய் முடிந்து கடலாய்த் தொடங்குகிறது? எந்த அலுவலர் அங்கே கோடு கிழித்தார்? ஏறுநீரில் கடல் ஆற்றுக்குள் வருவதை எண்ணூர் மீனவச் சிறுவனும் அறிவான், தில்லி அறியவில்லை.

அக்கழிமுகத்திற்கு வடக்கே காட்டுப்பள்ளியில்தான், நாளொன்றுக்கு 10 கோடி இலிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. அந்த வெற்றுக்கட்டத்தில் ஓர் எண்ணை எழுதட்டும். கழிமுக நீரை மாதந்தோறும் ஆய்ந்து, கண்ட அளவைக் குப்பந்தோறும் தமிழில் எழுதி ஒட்டட்டும்.