நடக்கிற பிள்ளைக்கும் நாற்காலி வேண்டும்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளுக்குச் சிறார் மூட்டுவாதம். காலையில் விரல்கள் விறைத்துக் கிடக்கும். சீருடைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட வேண்டும். சில நாள் பத்து மணிக்கு மேல் மூட்டு இளகி, தோழிகளோடு வாய்க்கால் மதகுவரை நடந்துவிடுவாள். அடுத்த வாரமே முழங்கால் வீங்கி, வாசற்படி இறங்க முடியாது. இவளுக்குச் சக்கர நாற்காலி கேட்டால் ஊர் சொல்வது ஒன்றுதான்: "நேத்து நல்லாத்தானே நடந்துச்சு?"

ஊர் அப்படிக் கேட்பது விவரம் தெரியாததால். அரசும் அதையே கேட்பதை ஏற்க முடியாது.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொன்றாக்கியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நடுவணரசின் உதவி உபகரணத் திட்டத்தில் நாற்காலி பெற 40 சதவீதச் சான்று வேண்டும். சான்று முகாமன்று மருந்து வேலை செய்திருந்தால் அந்தப் பெண் மருத்துவர் முன் நடந்துதான் காட்டுவாள். அந்த ஒரு காலைப்பொழுதே எண்ணாகி அட்டையில் ஏறிவிடும். குறைபாட்டின் அளவு காலப்போக்கில் மாறக்கூடுமானால் கெடு குறித்துச் சான்று தரலாம் என்கின்றன 2017ஆம் ஆண்டு விதிகள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே மாறும் உடம்புக்கு அது போதாது.

சதவீதத்தை மட்டும் காட்டி ஒரு மாணவரைத் தகுதியில்லை என்று தள்ளக் கூடாது என 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மருத்துவப் படிப்புச் சேர்க்கை பற்றிய வழக்கு. அந்த நியாயம் நாற்காலிக்கும் பொருந்தும் என்பதே நம் கருத்து.

பெற்றோருக்கு வேறொரு பயம். உட்கார வைத்தால் கால் அப்படியே முடங்கிவிடுமோ? எந்நேரமும் உட்கார்ந்திருந்தால் தசை தளரும் என்பது உண்மைதான். அதனால்தான் எந்த நாளில் நடப்பது, எந்த நாளில் உட்காருவது என்று சொல்ல இயன்முறை மருத்துவர் உடனிருக்க வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்த மண் இது. இருக்கிற நீரைப் பகிர்ந்து கடைமடையைக் காப்பாற்றுகிறோம். அதுபோல, இருக்கிற தெம்பெல்லாம் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பதிலேயே தீர்ந்துவிடாமல் கடைசி வகுப்புவரை மிஞ்சுவதற்குத்தான் நாற்காலி.

அதுவும் எந்த நாற்காலி? சம்பா நடவுக் காலத்துத் தெருச்சேற்றில், மருத்துவமனைத் தளத்துக்கென்று செய்த வண்டியின் சின்ன முன்சக்கரம் புதைந்து நிற்கும். மடித்துப் பேருந்தில் ஏற்றும்படி இலேசாகவும், மண்பாதையில் உருளும்படியும் இருக்க வேண்டும்.

டெல்டா மாவட்ட ஆட்சியர்களிடம் நாம் கேட்பவை பெரிய செலவில்லாதவை. சான்று முகாமில் அன்றைய நடையை மட்டும் பார்க்காமல், சிகிச்சை தரும் மருத்துவரின் பல மாதக் குறிப்பையும் பள்ளி வருகைப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சில நாற்காலிகளை வைத்து, சதவீதம் கேட்காமல், இயன்முறை மருத்துவர் எழுதித் தந்தாலே இரவல் கொடுங்கள். முடியாத நாளில் வாங்கிப்போவார்கள். தேறியதும் திருப்பித் தருவார்கள். வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இது நடக்க வேண்டும்.