இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ்!

'ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிய பையன்கள் எங்கெங்கே போனார்கள் என்று ஒரு கணக்கு எடுத்தால், முதலிடம் சினிமா தியேட்டருக்கு. இரண்டாமிடம் கிரிக்கெட் கிரவுண்டுக்கு. மூன்றாமிடம், கேர்ள்ஸ் ஸ்கூல் விடுகிற நேரத்துக்கு பஸ் ஸ்டாண்டுக்கு.

இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒரு மாணவர் திருக்கோவிலூர் வந்து சேர்ந்திருக்கிறார். சேதி கொஞ்சம் பழசு. 1896, ஆகஸ்ட் 29. மதுரை அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல் மாணவர் வெங்கட்ராமன். வயசு பதினாறு. இங்கிலீஷ் கிராமர் பாடத்தை மூன்று தடவை எழுதிக்கொண்டு வரச் சொல்லி இம்போசிஷன். இரண்டு தடவை எழுதியாச்சு. மூன்றாவதுக்கு மனசு வரவில்லை. பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். அண்ணனிடமிருந்து ஒரு அதட்டல். 'எனக்கு ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு' என்று எழுந்தார் தம்பி. 'அப்படின்னா போற வழியில என் காலேஜ் ஃபீஸைக் கட்டிடு, பெட்டியில அஞ்சு ரூபா இருக்கு' என்றார் அண்ணன்.

தம்பி எடுத்துக்கொண்டது மூன்று ரூபாய். மீதி இரண்டு ரூபாயை, 'உன் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை' என்ற விவரத்தோடு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். (பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வவுச்சர் என்றால் இதுதான் சார் வவுச்சர்!) ரயிலில் விழுப்புரம், அங்கிருந்து மாம்பழப்பட்டு, அப்புறம் நடை. அறையணிநல்லூர் கோயில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் கீழூர். காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கினார். திருக்கோவிலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறி, செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் இறங்கினார். அப்புறம் அவர் ரமண மகரிஷி ஆனது உலகத்துக்கே தெரியும்.

எனக்கு இதில் வேறொரு விஷயம் கண்ணில் படுகிறது. அன்றைக்கு அவர் சொன்ன ஸ்பெஷல் கிளாஸ் என்ன பாடம் தெரியுமா? எலெக்ட்ரிசிட்டி! மெட்ராஸிலேயே எலெக்ட்ரிக் டிராம் ஓட ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ராத்திரி எண்ணெய் விளக்கில் படித்த பையன்களுக்கு, மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மின்சாரத்தைப் பற்றித் தனி வகுப்பு. அண்ணன் மறுபேச்சு பேசாமல் நம்பினார் என்றால், அப்படியொரு வகுப்பு நடப்பது அங்கே சகஜம் என்றுதானே அர்த்தம்?

இன்றைக்கு ஒரு டென்த் பையன், 'மத்தியானம் எலெக்ட்ரிசிட்டி பத்தி தனியா ஒரு கிளாஸ், எக்ஸாமுக்கு வராது, சும்மா தெரிஞ்சுக்கறதுக்கு' என்று சொல்லிப் பார்க்கட்டும். அண்ணன் முதுகிலேயே நாலு வைப்பார்.

*

ஓட்டலில் சாதா தோசை, ஸ்பெஷல் தோசை என்று இரண்டு உண்டு. ஸ்பெஷல் என்றால் உள்ளே மசாலா இருக்கும், மேலே வெங்காயம் இருக்கும், குறைந்தபட்சம் நெய்யாவது இருக்கும். நம்ம ஸ்கூல் ஸ்பெஷல் கிளாஸில் என்ன இருக்கும்? காலையில் நடத்திய அதே கணக்கு, அதே சயின்ஸ். சாதா தோசையையே சாயந்திரம் ஆறு மணிக்கு ஆறிப்போனபின் மறுபடி தட்டில் போடுவது. பில் மட்டும் ஸ்பெஷல்.

நிஜமான ஸ்பெஷல் கிளாஸ் என்பது டிராயிங், பாட்டு, இன்னொரு பாஷை, கம்ப்யூட்டர். இதைச் சின்ன ஊர்களில் ரொம்ப காலம் கட்டிக் காப்பாற்றியதில் மிஷன் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. திருக்கோவிலூரிலும் டேனிஷ் மிஷன் பள்ளி உண்டு. 1860-களிலேயே தென்னாற்காடு பக்கம் வேலையை ஆரம்பித்தவர்கள் அந்த மிஷன்காரர்கள்.

டேனிஷ்காரர்களுக்கும் தமிழுக்கும் உள்ள கணக்கு அதற்கும் பழசு. 1706-ல் டென்மார்க் ராஜா அனுப்பி, ஜெர்மனிக்காரர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. என்ன செய்தார்? ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து, பையன்களோடு சேர்த்து அந்தப் பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்தார். பொடிப் பசங்களோடு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். மறு வருஷமே அவர் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார்.

ஆக, தரங்கம்பாடி மிஷனின் முதல் லாங்வேஜ் கிளாஸில் மாணவர் பாதிரியார்தான், வாத்தியார் நம்ம ஊர்க்காரர். இப்போது முப்பது நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று போர்டு மாட்டியிருப்பவர்கள் யோசிக்கலாம். சீகன்பால்கு போர்டு மாட்டவில்லை. கூச்சத்தைக் கழற்றி மாட்டினார்.

பாட்டு கிளாஸால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு ஆள் இருக்கிறார். ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் பிறந்தவர். திண்டுக்கல்லில் வாத்தியார் பயிற்சிக்குப் போன இடத்தில் வயலின் கற்றுக்கொண்டார். போட்டோ பிடிக்கவும் கற்றுக்கொண்டார். பயிற்சி சர்டிபிகேட்டுக்கு இரண்டும் தேவையில்லை. பிறகு தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. அதை விட்டுவிட்டு சித்த வைத்தியம், நல்ல வருமானம். இந்த இடத்தில் நாமாக இருந்தால் நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்போம். அவர் சொந்தக் காசில் தஞ்சாவூரில் சங்கீத மாநாடுகள் நடத்தினார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் போட்டார். தமிழ் இசையைப் பற்றி யார் ஆராய்ச்சி செய்தாலும் இன்றைக்கும் அதன் பக்கம் போகாமல் இருக்க முடியாது. திண்டுக்கல்லில் யாராவது, 'தம்பி, டிரெயினிங்குக்கு வந்த இடத்துல வயலின் எதுக்கு?' என்று தடுத்திருந்தால்?

*

என் தலைமுறைக்கு வருகிறேன். நான் படித்ததும் ஒரு மிஷன் ஸ்கூல்தான். டிசம்பர் வந்தால் கேரல் பாட்டுக்கு ஆள் பிடிப்பார்கள். ஒரு ஹார்மோனியம், நாலு குரல் பிரிவு: சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ். பாஸ் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு. ஒருத்தன் அன்றைக்கு ரம்ஜான் நோன்பு. எல்லாருக்கும் ஒரே பாட்டு, ஆனால் நாலு மெட்டு. பக்கத்தில் இருப்பவன் வேறு சுருதியில் பாடும்போது அவனோடு சண்டை போடாமல் நம்ம வரியைப் பாடுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். ஆபீஸ் மீட்டிங்குகளில் இதைவிட உபயோகமான பாடத்தை நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் ரூம் தனி சன்னிதி. செருப்பை வெளியே கழற்ற வேண்டும். உள்ளே ஏ.சி. உண்டு, அது கம்ப்யூட்டருக்கு. நமக்கு அதன் பிரசாதம். ஒரு மெஷினுக்கு நாலு பேர்.

திருக்கோவிலூர்க்காரர்களுக்கு இந்த நிலவரம் சட்டென்று புரியும். மழை ராத்திரியில் ஒரு இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். ஒருத்தர் படுக்கலாம். பூதத்தாழ்வார் வந்தார், இரண்டு பேர் உட்காரலாம். பேயாழ்வார் வந்தார், மூன்று பேர் நிற்கலாம். நாலாவதாக ஒருத்தர் வந்து நெருக்கினார், அது பெருமாளே என்பது தல வரலாறு. எங்கள் கம்ப்யூட்டர் ரூமிலும் அதே ஏற்பாடுதான். ஒருத்தன் கீபோர்டு. இரண்டாமவன் மவுஸ். மூன்றாமவன் ஸ்கிரீனைப் பார்க்கலாம். நாலாமவனுக்கு முன்னாலிருப்பவன் தலை. ஆனாலும் அந்த நெரிசலில்தான் பெயின்ட்டில் ஒரு வீடு, ஒரு தென்னை மரம், ஒரு சிவப்பு சூரியன் வரைந்தோம். லோகோ ஆமையை நாலு தடவை திருப்பிச் சதுரம் போட்டபோது, 'நான் சொன்னேன், அது கேட்டுச்சு' என்று ஒரு சந்தோஷம். வீட்டில் ஆடுகூட அப்போது நம்ம பேச்சைக் கேட்காது.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஸ்கூலில் கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. சாயந்திரம் கீபோர்டு கிளாஸ், சனிக்கிழமை டிராயிங், ஞாயிற்றுக்கிழமை கோடிங், நடுவில் ஹிந்தி பிராத்மிக், மத்யமா என்று அப்பா பணம் கட்டிவிடுவார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவனுக்கும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவளுக்கும் ஹார்மோனியம் என்றால் ஸ்கூல் ஹார்மோனியம்தான். அதைப் பூட்டிவிட்டால், கதவு ஒன்றுதான் என்றிருந்த வீட்டில் அந்தக் கதவையும் பூட்டிய மாதிரி.

பூட்டுவது யார்? வில்லன் யாரும் இல்லை. கணக்கு சார்தான். ரொம்ப நல்லவர். ஜூலை மாசம் வாசலில் வந்து நிற்பார். 'டிராயிங் சார், உங்க பீரியடை இன்னிக்கு மட்டும் குடுங்க, போர்ஷன் பாக்கி இருக்கு.' ஆகஸ்டில் சயின்ஸ் மிஸ். அக்டோபரில் பாட்டு டீச்சரே மேரேஜ் ஹால் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவர் மாதிரி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பார். அக்கவுன்டன்சியில் இதற்கு ஒரு பெயர் உண்டு. திரும்பி வராத கடனுக்கு வாராக்கடன். தமிழ்நாட்டில் பாங்குகளின் வாராக்கடனைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். டிராயிங் பீரியட் வாராக்கடனை எந்த ஆடிட்டர் எழுதினார்?

அந்த டிராயிங் சாருக்கு என்ன சம்பளம் என்றும் பார்த்துவிடலாம். 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்பயிற்சி, கம்ப்யூட்டர், தையல், இசை என்று 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். 2021-ல் அது 10,000 ஆனது. ஒன்பது வருஷத்தில் இரண்டு மடங்கு என்று பேப்பரில் படிக்க நன்றாக இருக்கும். கையில் வாங்கி அரிசி, பால், வாடகை என்று பிரித்துப் பாருங்கள், ஓவியம் தெரியும். ரெகுலர் ஆக்கச் சொல்லி அவர்கள் எத்தனை தடவை சென்னையில் வந்து உட்கார்ந்தார்கள்! பிரைவேட் ஸ்கூல் பலவற்றில் இதற்கும் கீழே. பிரோஷரின் அட்டையில் வயலினோடு குழந்தை சிரிக்கும். அந்த வயலின் சார் மூன்று ஸ்கூலுக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஓடிக்கொண்டிருப்பார்.

*

மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்க் இல்லாமல் எனக்கு பி.காம். சீட்டே கிடைத்திருக்காது. ஆனால் மார்க் என்பது மெஷினரி மாதிரி. வருஷா வருஷம் தேய்மானம் போட வேண்டிய சொத்து. டென்த் மார்க்கை ப்ளஸ் டூ முடிந்ததும் யாரும் கேட்பதில்லை. ப்ளஸ் டூ மார்க்கை வேலை கிடைத்ததும் யாரும் கேட்பதில்லை. முப்பத்தைந்து வயசில் அதன் புத்தக மதிப்பு ஒரு ரூபாய். அந்த வயசிலும் 'மச்சி, ஒரு பாட்டுப் பாடு' என்று கேட்பார்கள். ரிசப்ஷனில், டிரெயினில், கரண்ட் போன மொட்டை மாடியில். அதற்கு மட்டும் தேய்மானம் கிடையாது.

திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்கு நடுவில் ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று. பாரி இறந்த பிறகு அவன் மகள்களைக் கூட்டிக்கொண்டு வந்த கபிலர், கடைசியில் உயிரை விட்ட இடம் என்பார்கள். அந்தப் பெண்களுக்கு அப்பா போயாச்சு, பறம்பு மலை போயாச்சு, முரசு, கொடி எல்லாம் போயாச்சு. எதிரிகளால் பிடுங்க முடியாமல் மிஞ்சியது ஒன்றுதான்: அவர்களுக்குப் பாட்டுக் கட்டத் தெரியும். புறநானூற்றில் 112-வது பாட்டு அவர்களுடையது. மூன்று ராஜாக்கள் சேர்ந்து மலையை ஜெயித்தார்கள். அந்தப் பாட்டை ஜெயிக்க முடியவில்லை.

கடைசியாக, ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் கிடார் தெரிந்தவர் இருக்கிறீர்கள், கார்ட்டூன் போடுகிறவர் இருக்கிறீர்கள், தெலுங்கு சரளமாகப் பேசுகிறவர் இருக்கிறீர்கள், எக்ஸெல்லில் வித்தை காட்டுகிறவர் நிச்சயம் இருக்கிறீர்கள். 2011 முதல் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு லேப்டாப் கொடுத்த கதை தெரியும். அதில் சினிமா பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றதற்கு ஆள் வேண்டும். சொந்த ஊருக்குப் போகிற சனிக்கிழமை, நீங்கள் படித்த ஸ்கூலில் ஹெட்மாஸ்டரைப் பார்த்து மாசத்துக்கு ஒரு மணி நேரம் கேளுங்கள். டிராயிங் சாரை, பாட்டு டீச்சரைத் தேடி ஒரு வணக்கம் வையுங்கள். அவர்களுக்குப் போட்டியாக இல்லாமல் துணையாகப் போங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கொஞ்சம் சீக்கிரமாகவே போய்விடுங்கள். கணக்கு சார் ஏற்கெனவே வராண்டாவில் நடந்து வந்துகொண்டிருப்பார்.