பழுக்கும் அறைக்கு முன்னால் ஒரு வெந்நீர்த் தொட்டி

தை மாதக் கடைசியில் வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம், ஓமலூர் வட்டாரத்து மாந்தோப்புகள் பூவும் பிஞ்சுமாக நிற்கின்றன. மே மாதம் சேலத்து மண்டிகளில் நாம் கழித்துக் கொட்டப்போகும் பழங்களின் அழுகல், இந்தப் பனியில், இந்தப் பிஞ்சுகளில்தான் நுழைந்துகொண்டிருக்கிறது. கிடங்கில் அழுகியது என்று எழுதிவிட்டுப் போவது நம் துறையில் பழக்கமாகிவிட்டது. கிடங்கில் நடப்பது கடைசிக் கட்டம் மட்டுமே.

ஆந்த்ராக்னோஸ் நோயை உண்டாக்கும் கொலிடோட்ரைகம் பூசணம் காய்ந்த பூங்கொத்துகளிலும் கருகிய நுனிக்கிளைகளிலும் புள்ளி விழுந்த இலைகளிலும் தங்கியிருக்கிறது. பனியோ மழைத்துளியோ அதன் வித்துகளைப் பிஞ்சின் மேல் சேர்க்கிறது. வித்து முளைக்கிறது, தோலின் மெழுகுப் படலத்தைத் துளைக்கிறது, அங்கேயே அடங்கிவிடுகிறது. பச்சைக்காயின் தோலில் உள்ள ரெசார்சினால் வகைச் சேர்மங்கள் அதை வளரவிடுவதில்லை. காய் பழுக்கப் பழுக்க அந்தச் சேர்மங்கள் குறைகின்றன, பூசணம் விழித்துக்கொள்கிறது. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அடிகாரம் குழுவினர் இந்தத் தற்காப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். காய்ப்பாலுக்கும் இதில் பங்குண்டு, ரகத்துக்கு ரகம் இந்த வலு மாறுபடுகிறது என்பவை அவர்கள் ஆய்வில் தெரியவந்தவை. மல்கோவாவும் இமாம் பசந்தும் பெங்களூராவும் ஒரே அறையில் ஒன்றுபோல நடந்துகொள்ளாததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

காம்பு அழுகலின் கதை வேறு. லேசியோடிப்ளோடியா என்ற பூசணம் மரத்தின் திசுக்குள்ளேயே வெளியே ஒரு குறியும் காட்டாமல் வாழ்கிறது. பூங்கொத்தின் காம்பு வழியே காய்க்காம்புக்கு வந்து காத்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க மண்டி ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவசியம். ஆந்த்ராக்னோஸ் என்றால் தோலில் எங்கு வேண்டுமானாலும் கரும்புள்ளிகள் விழும், நடுவில் சற்றே குழிந்திருக்கும், ஈரம் மிகுந்தால் அதன்மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் வித்துக்கூழ் கசியும். சில பழங்களில் காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கண்ணீர் வழிந்த தடம்போல் கருமை இறங்கியிருக்கும். காம்பு அழுகல் என்றால் காம்பைச் சுற்றிப் பழுப்பு வளையம் கட்டும், விரலால் அமுக்கினால் தண்ணீர்ப் பதமாக உள்வாங்கும், சேலத்துக் கோடை வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பழம் முழுவதும் போய்விடும். முன்னதன் காரணத்தைத் தோப்பின் பனியிலும் மழையிலும் தேடவேண்டும். பின்னதற்கு மரத்தின் ஆரோக்கியத்தையும் அறுவடை செய்த விதத்தையும் பார்க்கவேண்டும்.

ஆனால் ஏப்ரல் பிறந்தால் நம் ஊரில் மாம்பழம் பற்றிய பேச்சு முழுவதும் கார்பைடு கல்லைப் பற்றியதாகவே இருக்கிறது. கால்சியம் கார்பைடைக் கொண்டு பழுக்கவைப்பது 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி தடை செய்யப்பட்டது. அந்தத் தடை சரியானது, அதற்கான சோதனைகளும் தொடரவேண்டும். கல்லுக்கு மாற்றாக எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவு வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்ததும், அதற்கான அறைகள் பெருகியதும் நல்ல மாற்றம். ஆனாலும் இந்த ஒரு கேள்வியோடு நம் கவனம் தீர்ந்துபோனது பெரிய இழப்பு. எத்திலீன் அறை பழத்தை ஒரே சீராகப் பழுக்கவைக்கும், அழுகலைத் தடுக்காது. ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும் மூடிய அறையில், தோலுக்கடியில் பூசணம் உறங்கும் காயைக் கிரேட் கிரேட்டாக அடுக்கி, அதன் தற்காப்பையும் சீக்கிரமாகக் குறைத்துவிட்டால் என்ன நடக்கும் என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். அறை கட்டக் கடன் கிடைக்கிறது. அந்த அறைக்கு முன்னால் நிற்கவேண்டிய வெந்நீர்த் தொட்டியைத் திட்ட மதிப்பீட்டில் யாரும் எழுதுவதில்லை.

வெந்நீர் முறை நேற்று வந்ததல்ல. மாம்பழ ஆந்த்ராக்னோஸை வெந்நீரில் முக்கிக் குறைக்கலாம் என்று புவெர்ட்டோ ரிக்கோவில் பென்னாக், மல்டொனாடோ இருவரும் 1962-இல் எழுதிவிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் பீச் பழத்தின் பழுப்பு அழுகலுக்கும் வெந்நீர் பலன் தருவதைக் காட்டினார்கள். நம் நாட்டில் லக்னோவிலுள்ள மத்திய மிதவெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம் சொல்லும் அளவு 52 டிகிரி செல்சியஸ், 10 நிமிடம். பூசணம் தோலின் மேலடுக்குகளில் இருப்பதால் அந்தச் சூடு அதை எட்டுகிறது, சதை வேகுமுன் காய் வெளியே வந்துவிடுகிறது. காம்பினுள் ஆழமாக இருக்கும் லேசியோடிப்ளோடியாவை இது அந்த அளவுக்கு எட்டாது. ஆகவே காம்பு அழுகலுக்கு வெந்நீரை மட்டும் நம்பியிருக்கக்கூடாது.

பழ ஈக்காகச் செய்யும் 48 டிகிரி, 60 நிமிட முறையோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை விதித்து 2015 ஜனவரியில் அதை விலக்கியதே, அந்தப் பேச்சில் வந்தது ஈப்புழுவை அழிக்கும் நீண்ட வெந்நீர்க் குளியல். நோக்கம் வேறு, சூடு வேறு, நேரம் வேறு.

தொட்டி வைத்திருப்பவர்கள் சிலர் பலன் இல்லை என்று கைவிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் தவறு அளவில்தான். 500 லிட்டர் தண்ணீரை 52 டிகிரிக்கு ஏற்றி, 32 டிகிரியில் இருக்கும் 100 கிலோ காயை ஒரேயடியாக இறக்கினால், காய் முழுவதும் சூடேறுமானால் தண்ணீர் 3 டிகிரி இறங்கும் என்பது எளிய வெப்பக் கணக்கு. 10 நிமிடத்தில் மேற்பகுதி மட்டுமே சூடாகும் என்று வைத்தாலும் ஒன்றரை இரண்டு டிகிரி போய்விடும். 50 டிகிரிக்குக் கீழே பூசணம் பிழைத்துக்கொள்ளும். அதைச் சரிக்கட்ட 56, 57 என்று ஏற்றி வைத்தால் தோல் வெந்து, பழுக்கும்போது பழுப்புத் திட்டுகள் விழும். தண்ணீரைச் சுழற்றும் சிறிய பம்பு, காய் விழும்போதே சூட்டை ஈடுகட்டும் ஹீட்டர், தொட்டியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு வெப்பமானி, ஒரு முறைக்கு இத்தனை கிரேட் என்ற வரம்பு, இவை இருந்தால் போதும். வெளியே எடுத்த காயை நிழலில் மின்விசிறிக்கு முன்னால் பரப்பி ஈரத்தை முழுக்க உலர்த்தவேண்டும். பறித்த 24 மணி நேரத்துக்குள் முக்கிவிடுவது நல்லது. முற்றாத காயையும் மழை பெய்த மறுநாள் பறித்த காயையும் முக்கினால் தோல் கெடும், அவற்றைத் தனியே ஒதுக்குங்கள். துருப்பிடிக்காத எஃகை உருட்டும் ஆலையே சேலத்தில் இருக்கிறது. அந்தத் தகட்டில் இப்படியொரு தொட்டி செய்து தரத் தெரிந்த பட்டறைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

மருந்துக் கரைசலில் முக்கும் பழக்கத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லவேண்டும். கார்பென்டாசிம் கரைசல் ஒரு காலத்தில் நாமே பரிந்துரைத்த ஒன்று. இன்று அதை அறுவடைக்குப் பிந்திய முக்கலுக்குச் சொல்வது பொறுப்பில்லாத காரியம் என்பது இந்த இதழின் நிலைப்பாடு. உண்ணும் பழத்தில், உண்பதற்குச் சில நாள் முன்னால் இடும் மருந்தின் எச்சம் மறைய நேரமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான ஒப்புதல் 2014 நவம்பரோடு முடிந்துவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. இந்த பென்சிமிடசோல் வகை மருந்துகளை எதிர்த்து நிற்கும் கொலிடோட்ரைகம் இனங்கள் உலகின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளன. பீச் வளர்ப்போரின் அனுபவமும் இதுதான். பெனோமில் ஒன்றையே நம்பியிருந்த இடங்களில் பழுப்பு அழுகல் பூசணம் அதற்குப் பழகிப்போய், பேக்கிங் கூடங்கள் வேறு மருந்தைத் தேடவேண்டியிருந்தது. வெந்நீருக்குப் பழகிக்கொண்ட பூசணம் இருப்பதாக இதுவரை தெரியவில்லை.

இனி தோப்புக்கு வருவோம். சேலம், நாமக்கல் பகுதிகளில் பல தோப்புகளைப் பூவிலோ பிஞ்சிலோ குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். தோப்புக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். குத்தகைக்காரருக்கு இந்த ஒரு பருவம்தான் கணக்கு. காய்ந்த கிளையை வெட்டி எரிப்பதன் பலன் அடுத்த ஆண்டுக்குப் போகும், அதை யார் செய்வது? நோய் தங்கும் இடம் அப்படியே ஆண்டுக்கு ஆண்டு தொடர்கிறது. இதற்குத் தெளிப்பு அட்டவணை எத்தனை அச்சடித்துக் கொடுத்தாலும் பயனில்லை. அறுவடை முடிந்ததும் கவாத்து செய்வது யார் பொறுப்பு, அதற்கான கூலி யார் கணக்கில் என்பதைக் குத்தகைச் சீட்டிலேயே ஒரு வரியாக எழுதவைக்க நம் தோட்டக்கலை அலுவலர்கள் முயலவேண்டும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துப் பயிற்சிகளுக்குத் தோப்புக்காரரோடு குத்தகைக்காரரையும் பறிக்கும் ஆட்களையும் சேர்த்து அழைக்கவேண்டும். பழத்தின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் பறிக்கும் ஆளின் கைதான்.

பறிப்பில் கவனிக்கவேண்டியவை சொற்பம், ஆனால் அவற்றில்தான் தோற்கிறோம். கிளையை உலுக்கக்கூடாது, வலைப்பை கட்டிய துறட்டியால் பறிக்கவேண்டும். காம்பில் ஒரு சென்டிமீட்டராவது விட்டு வெட்டவேண்டும். காம்பு பிய்ந்துபோகும்படி பிடுங்கினால் பீறிடும் பால் தோலைச் சுடும், வெறும் காயமாக நிற்கும் அந்த இடம் காம்பு அழுகலுக்கு வாசல் திறந்துவிடும். பால் வடியும் காயைக் காம்பு கீழ்நோக்கி இருக்கும்படி சட்டத்தில் வைத்து வடியவிட வேண்டும். காயை மண்ணில் கொட்டக்கூடாது, ஒரு தார்ப்பாயாவது விரிக்கவேண்டும்.

நாமக்கல் பக்கத்தில் பரமத்திவேலூர், மோகனூர் வாழையில் கொலிடோட்ரைகம் பேரினத்துப் பூசணம் சீப்புக் காம்பு அழுகலாக வருகிறது. பூவனும் கற்பூரவள்ளியும் முழுத் தாராக ஏலம் போகும்வரை பெரிய தொல்லை இல்லை. சீப்பாக வெட்டிப் பெட்டியில் அடைப்பவர்கள் கூரான கத்தியும், பாலைக் கழுவ அடிக்கடி மாற்றும் சுத்தமான தண்ணீரும் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

குளிர்பதனத்தைப் பற்றி ஒரு சொல். 13 டிகிரி மாம்பழத்துக்கு ஏற்றது, அதற்கும் வெகு கீழே போனால் குளிரால் தோல் கெடும். குளிர் பூசணத்தைக் கொல்லாது, தூங்கவைக்கும், அவ்வளவே. தோப்பிலேயே செய்யக்கூடிய வேறு வழியும் உண்டு. பறிப்பதற்கு முன் 30-ஆம் நாளும் 15-ஆம் நாளும் ஹெக்சனால் கலவையைத் தெளித்துப் பழத்தின் ஆயுளைக் கூட்டும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மாந்தோப்புகளில் சோதித்துக் காட்டியிருக்கின்றன. அது நம் சமவெளித் தோப்புகளுக்கும் வரவேண்டும். அதுவரை கையில் இருக்கும் தண்ணீரையும் சூட்டையும் ஒழுங்காகப் பயன்படுத்துவோம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் ஒவ்வொரு மண்டியும் ஒரே தோப்பின் ஒரே நாள் காயில் ஐந்து கிரேட்டை வெந்நீரில் முக்கியும், ஐந்தை முக்காமலும் வைத்துப் பாருங்கள். ரகம், தொட்டியின் சூடு, ஒரு முறைக்கு இறக்கிய எடை, எட்டாம் நாள் கழித்த பழங்களின் எண்ணிக்கை, அதில் கரும்புள்ளி எத்தனை, காம்பு அழுகல் எத்தனை என்று குறித்து ஆடி பிறப்பதற்குள் எங்களுக்கு அனுப்புங்கள். பலன் கிடைக்காதவர்களின் கணக்கும் கட்டாயம் வேண்டும். வருகிற கணக்குகள் அத்தனையையும் அடுத்த இதழில் வெளியிடுவோம்.