சோதினைக்கு வராத ஒரு எண்

3608528850368400786036725.

இதை ஒருக்கா கொப்பியில எழுதிப் பாருங்கோ. மொத்தம் 25 இலக்கங்கள். வலப்பக்கத்தை கையால மறைச்சுக்கொண்டு, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாகத் திறந்து வாருங்கள். 36 ஐ 2 மீதியின்றிப் பிரிக்கும். 360 ஐ 3, 3608 ஐ 4, 36085 ஐ 5. ஏழில்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. 3608528 ஐ 7 ஆல் பிரித்தோம்: 515504, மீதி இல்லை. இப்படியே 25 வரைக்கும் போகிறது.

நாங்கள் முதலில் இதை எக்செலில் போட்டுத்தான் பார்த்தோம். அது 15 இலக்கத்தோடு களைத்துப்போய், மிச்சத்தை எல்லாம் பூச்சியமாக்கிவிட்டது. கடைசியில் பேனையும் கொப்பியும்தான் உதவியது.

இப்படிப்பட்ட எண்கள் இன்னும் இருக்கின்றன. 10 இலக்கத்தில் மட்டும் 2492. ஆனால் அதற்குப் பிறகு குறைந்துகொண்டே வந்து, 24 இலக்கத்தில் மூன்று, 25 இல் இந்த ஒன்றே ஒன்று. ஏன் முடிகிறது? ஒரு எண்ணின் கடைசியில் 0 முதல் 9 வரை எதையும் சேர்க்கலாம், அதாவது அடுத்தடுத்த பத்து எண்கள் எங்கள் கையில். அந்தப் பத்துக்குள் 7 இன் மடங்கு ஒன்று இருந்தே தீரும். 11 இன் மடங்கு இருக்கும் என்று அடித்துச் சொல்ல ஏலாது. 26 என்றால் இன்னும் கஷ்டம். எங்கள் எண்ணின் பின்னால் ஒரு பூச்சியம் போட்டு 26 ஆல் பிரித்தால் மீதி 12. சரிக்கட்ட 14 வேண்டும். ஓர் இடத்தில் போடக்கூடியது 9 மட்டும்தானே. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

இதை ஒரு ரியூசன் வகுப்பில் சொன்னால் பின் வாங்கிலிலிருந்து வரும் முதல் கேள்வி எங்களுக்குத் தெரியும்: "இது சோதினைக்கு வருமோ?" வராது. அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையில் பிழை இல்லை, நாங்களும் அதே வாங்கிலில் இருந்து அதையேதான் கேட்டோம். கடந்தகால வினாத்தாள் பத்து வருடத்துக்குச் செய்து, சாதாரண தரத்தில் கணிதத்தைப் பாஸ் பண்ணி, அந்தக் கொப்பிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டவர்கள்தான் எங்களில் முக்கால்வாசிப் பேர். கணிதம் விளங்காமல் விட்டவர்களை விட, அதில் விளையாடலாம் என்று யாருமே சொல்லாததால் விட்டவர்கள்தான் அதிகம் என்பது எங்கள் எண்ணம். மேலே உள்ள எண்ணுக்குத் தேவை வகுத்தல் மட்டுமே. தரம் ஐந்துப் பிள்ளைக்குத் தெரிந்த அதே வகுத்தல். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் கொடுப்பது இன்னொரு மாதிரி வினாத்தாள்.

வீட்டில் தம்பி தங்கச்சி இருந்தால் இதைக் கொடுத்துப் பாருங்கோ. 1 முதல் 9 வரை எல்லா இலக்கங்களையும் ஒருமுறை மட்டும் பாவித்து, இதே குணமுள்ள ஒன்பது இலக்க எண் ஒன்று எழுத வேண்டும். விடை ஒன்றுதான். ஐந்தாவது இடத்தில் 5 தான் வரும், ஏனென்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். போனை மட்டும் வாங்கி வையுங்கோ.